நெல்லைச் சீமை உரைகாரர்கள் – 11: எந்தப் பத்துப்பேர்?

சங்கரன்கோவிலுக்குத் தெற்கே இருக்கிறது ஊற்றுமலை. அந்தப் பெயரைக் கேட்டால் இன்றைக்குப் பலருக்கும் காவடிச் சிந்துதான் நினைவுக்கு வரும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த இருதயாலய மருதப்பத் தேவரின் ஜமீன் அது; சென்னிகுளமும் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊர்தான். சிந்து பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அதே ஊற்றுமலையில் இன்னொரு மருதப்பத் தேவர் இருந்தார். பதினேழாம் நூற்றாண்டு. பாளையக்காரர்களுக்குப் படையைக் கவனிக்கவும் கிஸ்தியைக் கவனிக்கவுமே நேரம் போதாத காலம். அவரோ ஒரு புலவரை வைத்துக்கொண்டு, நன்னூலுக்கு விரிவாக ஓர் உரை செய்து தாருங்கள் என்று கேட்டார். செய்து கொடுத்தவர் திருநெல்வேலிச் சங்கர நமச்சிவாயர்; இலக்கணக்கொத்து எழுதிய சுவாமிநாத தேசிகரின் மாணவர்.

அந்த உரை முழுவதையும் ஓர் இதழில் சொல்லிவிட முடியாது. இடையியலில் உம்மை வருகிற இடத்தை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்வோம். ஒற்றை ‘உம்’முக்கு எட்டுப் பொருள் என்கிறது நன்னூல். தொல்காப்பியரும் எட்டுத்தான் சொன்னார். அந்த எட்டில் ஒன்று ‘முற்று’: எதுவும் மிஞ்சாமல் அத்தனையையும் வளைத்துப் பிடிக்கிற உம்மை. எல்லாரும், இருவரும், பத்தும், யாவும் என்று வருவதெல்லாம் அதுதான். இன்னொன்று எண்ணும்மை: சங்கனும் பதுமனும் என்று பெயர்களைக் கோத்துக்கொண்டே போவது. சங்கரன்கோவில் தலபுராணத்தில் சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வழக்காடிய நாகர்கள் இருவரும் இவர்கள்தான். அந்த வழக்கைத் தீர்க்கத்தான் கோமதியம்மன் தபசு இருந்தாள். ‘சங்கனும் பதுமனும்’ என்பதில் இருக்கிற உம்முக்கும் ‘இருவரும்’ என்பதில் இருக்கிற உம்முக்கும் என்ன உறவு என்று எனக்குத் தெரிந்து எந்த உரையும் விரித்துப் பேசவில்லை. ஒரே நூற்பாவில் இரண்டையும் வைத்ததோடு சரி. மலையாளத்தில் ‘உம்’, ‘ஓ’ இரண்டும் வினாச்சொற்களோடு சேர்ந்து ‘எல்லாரும்’, ‘யாரோ’ போன்ற பொருள்களை உண்டாக்குவதை மொழியியலாளர் கே.ஏ. ஜெயசீலன் 2001இல் எழுதிய கட்டுரை ஆராய்ந்தது. பெயர்களைக் கோக்கிற இடைச்சொல்லே ‘எல்லாம்’ என்ற பொருளையும் தருவது பல மொழிகளில் இருக்கிறது என்று மொழியியலாளர்கள் பேசியிருக்கிறார்கள்.

நமக்கு வேண்டிய கேள்வி வேறு. ‘எல்லாரும்’ என்று ஒருவர் பேசும்போது அவர் யாரைப் பற்றிப் பேசுகிறார்?

ஆடித் தபசு முடிந்த மறுநாள் சங்கரன்கோவில் வீடொன்றின் வாசலில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். “எல்லாரும் வந்திருந்தாகளா மைனி?” “எல்லாரும் வந்திருந்தாக.” யார் அந்த எல்லாரும்? ரத வீதியில் தோளிடிபட நின்ற கூட்டமா? விளைந்த பருத்தியையும் வத்தலையும் அம்மனுக்குச் சூறைவிட்ட சம்சாரிகளா? இல்லை. கேட்டவளும் சொன்னவளும் மனசுக்குள் எண்ணிவைத்திருக்கிற ஏழெட்டுப் பேர்: சென்னையிலிருந்து வரவேண்டிய மகன், மருமகள், போன வருஷம் கோபித்துக்கொண்டு வராமல் இருந்த சின்ன மாமா. அவர்களில் ஒரு தலை குறைந்தாலும் மைனி சொன்னது பொய். ஊரில் பாதிப்பேர் திருவிழாப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தாலும் அவள் சொன்னது பொய்யாகாது.

மேற்கே இந்தக் கேள்வியை எடுத்து நேருக்கு நேர் கேட்டவர் யேனா நகரத்துக் கணித ஆசிரியர் காட்லோப் ஃப்ரெகே. 1884இல் வந்த ‘எண்கணிதத்தின் அடிப்படைகள்’ என்ற நூலில் திமிங்கிலத்தைப் பற்றிச் சொல்கிறார். திமிங்கிலங்கள் எல்லாம் பாலூட்டிகள் என்றால், பேச்சு விலங்குகளைப் பற்றியது போலத்தான் தெரிகிறது. சரி, எந்த விலங்கு? எந்த ஒன்றையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆகவே அந்த வாக்கியம் விலங்குகளைப் பற்றியதே அல்ல, திமிங்கிலம் என்ற கருத்துக்கும் பாலூட்டி என்ற கருத்துக்கும் உள்ள உறவைப் பற்றியது என்று முடிவு கட்டினார். அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1879இல், இப்படிப்பட்ட வாக்கியங்களுக்கு ஒரு குறியீட்டு முறையும் வகுத்திருந்தார். அதன்படி அந்த வாக்கியம் சொல்வது இதுதான்: எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், அது திமிங்கிலமாக இருந்தால் பாலூட்டியாகவும் இருக்கும். ‘எதை வேண்டுமானாலும்’ என்பதில் மலையும் அடக்கம், உங்கள் செருப்பும் அடக்கம். எல்லை என்று ஒன்றுமே இல்லை. இன்றைய தருக்கவியலும் கணினி மொழிகளும் அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கின்றன. அதைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை.

இப்படிச் சட்டமாகப் பேசுவது தமிழுக்கும் புதிதல்ல. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவை நூலைச் சொல்லிக்கொடுக்கிறார். புகையிருந்தால் நெருப்பிருக்கும் என்பதுதான் அந்த மரபின் வாடிக்கையான பாடம். ஒரு வித்தியாசம் மட்டும். அங்கே பொதுவிதியைத் தனியாக விடமாட்டார்கள். கூடவே ஒரு சமையற்கட்டை நிறுத்துவார்கள், இரண்டும் இருக்கிற இடமாக; நீர்நிலை ஒன்றையும் நிறுத்துவார்கள், இரண்டுமே இல்லாத இடமாக.

மைனியின் ‘எல்லாரும்’ இந்தச் சட்ட வகையைச் சேர்ந்ததல்ல. அதற்கு இலக்கணம் எங்கே இருக்கிறது என்று தேடினால் தொல்காப்பியக் கிளவியாக்கத்துக்குப் போகவேண்டும். இத்தனைதான் என்று முன்னமே தெரிந்த பொருளை எண்ணோடு சொல்லி வினைமுடிக்கும்போது உம்மை கட்டாயம் வேண்டும் என்று அங்கே ஒரு விதி. ‘கண் இரண்டும் சிவந்தன’ என்கிறோம். ‘இரண்டு கண் சிவந்தன’ என்றால் ஏதோ மூன்றாவது கண்ணும் இருப்பது மாதிரி தொனிக்கிறது. ‘மூவேந்தரும் வந்தார்’ என்பது உரைகாரர் வழக்கமாகக் காட்டும் உதாரணம். தமிழ்நாட்டு வேந்தர் மூவர் என்பது பேச்சு தொடங்கும் முன்பே எல்லாருக்கும் தெரியும். ஆகவே உம்.

இதை நம் வீட்டுப் பேச்சில் வைத்துப் பாருங்கள். ‘பத்துப்பேர் வந்தாங்க’ என்றால் கேட்பவர், அப்படியா என்று விட்டுவிடுவார். ‘பத்துப்பேரும் வந்தாங்க’ என்றால், அந்தப் பத்தைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தவர் தலையாட்டுவார், தெரியாதவர் உடனே கேட்பார், “எந்தப் பத்துப்பேர்?” ஃப்ரெகே தம் திமிங்கிலத்திடம் கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான்: எந்த விலங்கு? அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. ‘பத்துப்பேரும்’ என்பதற்குப் பதில் இருந்தே தீரவேண்டும், இல்லாவிட்டால் உம்மை வைத்ததே பிழை. உம்மைக்குள் அடங்குகிற கூட்டம் எது என்பது வாக்கியத்துக்கு முன்பே, பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில், முடிவாகியிருக்கிறது. மேற்கே இந்தப் பக்கத்தைத் தருக்கத்துக்குள் மறுபடி இழுத்துவந்தவர்களில் முக்கியமானவர் ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ஸ்ட்ராசன். பிள்ளையே இல்லாத ஒருவரின் பிள்ளைகள் எல்லாம் தூங்குகிறார்கள் என்றால் ஃப்ரெகே வழியில் அது மெய்யாகிவிடும், ஏனென்றால் தூங்காத பிள்ளை ஒன்றைக் காட்ட முடியாதே. அதை மெய் என்றோ பொய் என்றோ சொல்ல இடமே எழவில்லை என்று 1952இல் ஸ்ட்ராசன் எழுதினார்.

ஓர் எச்சரிக்கை. தொல்காப்பியர் ஃப்ரெகேக்கு முன்னோடி, ஸ்ட்ராசனுக்குப் பாட்டன் என்றெல்லாம் மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பெருமை நமக்கு வேண்டாம். நம் இலக்கணக்காரர்கள் மெய்ம்மைக் கொள்கை எதையும் கட்டவில்லை. எப்படிச் சொன்னால் வழு, எப்படிச் சொன்னால் வழுவில்லை என்று பார்த்தார்கள். அந்த வேலையை ஒழுங்காகச் செய்தபோது, எல்லை வாக்கியத்துக்கு வெளியேதான் போடப்படுகிறது என்பது அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. அவ்வளவுதான், அதுவே பெரிய விஷயம்.

அடுத்த நுணுக்கம் எதிர்மறையில் இருக்கிறது. முற்றும்மை சிலபோது எச்சமாகவும் ஆகும் என்று தொல்காப்பியரும் சொல்கிறார், நன்னூலாரும் சொல்கிறார். தொல்காப்பிய உரைகாரர் சேனாவரையரின் உரையை முன்வைத்து இதை விளக்கலாம். சங்கர நமச்சிவாயர் பெரிதும் கைக்கொள்வதும் அவர் வழியைத்தான். பத்தும் கொடுக்காதே என்று ஒருவன் சொன்னால், ஒன்றுகூடக் கொடுக்காதே என்றும் கொள்ளலாம். பத்தையும் கொடுத்துவிடாதே, சிலதைக் கொடு, சிலதை வைத்துக்கொள் என்றும் கொள்ளலாம். இல்லை என்பது உம்முக்கு உள்ளே போகிறதா, உம்மையே போய் இடிக்கிறதா என்பதுதான் சங்கதி.

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். கூலிப் பேச்சுவார்த்தை முறிந்த ஒரு காலையில் “எல்லாத் தறியும் ஓடல” என்று ஒருவர் போனில் சொல்கிறார் என்று வையுங்கள். ஊரே நிசப்தமாகிவிட்டது என்றும் அர்த்தம். பாதி தறி ஓடுகிறது, வேலைநிறுத்தம் பிசுபிசுத்துவிட்டது என்றும் அர்த்தம். அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை வைத்துக் கேட்பவர் புரிந்துகொள்வார். எழுத்தில் போட்டால் போச்சு. சந்தேகமே கூடாது என்றால் தமிழில் வேறு வழி இருக்கிறது: “ஒரு தறியும் ஓடல.” இங்கே உம் ஒன்றின்மேல் ஏறுகிறது, ஒன்றுகூட இல்லை என்றால் மற்றதுக்கு ஏது பேச்சு.

அந்த வழியின் உச்சத்தைக் காட்டுகிற உதாரணம் ஒன்று தொல்காப்பிய உரைகளில் இருக்கிறது. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். இத்தனை என்று தெரிந்த பொருளுக்கு உம்மை வேண்டும் என்று சொன்ன கையோடு, இல்லாத பொருளுக்கும் அப்படியே என்று தொல்காப்பியர் அடுத்த நூற்பாவை வைத்தார். இல்லாத பொருளுக்கு எங்கே போவது? உரைகாரர்கள் பவளத் தந்தம் முளைத்த நீல யானை ஒன்றைப் படைத்தார்கள். அது சாதவாகனன் அரண்மனையிலும் கிடையாது என்று சொல்லிக்காட்டினார்கள். சாதவாகனர் தக்காணத்துப் பேரரசர். யானைக்கும் செல்வத்துக்கும் குறைவில்லாத இடம் என்று பெயர் போன இடத்தைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். உலகத்தில் இல்லை என்று உலகம் முழுவதையும் தேடிச் சொல்லவேண்டியதில்லை. இருக்கக்கூடியது என்றால் அங்கேதான் இருக்கும், அங்கேயும் இல்லை. அந்த ஒரு ‘உம்’ மற்ற எல்லா இடத்தையும் தானாகவே மூடிவிடுகிறது. குருடர் பார்ப்பது பகலிலும் கிடையாது என்பது இதோடு வரும் இன்னொரு உதாரணம். அதுவும் இதே உத்தி. மிக உச்சமான ஒன்றை மறுத்தால் முழுக் கூட்டத்தையும் மறுத்ததாகும் என்பதை 1975இல் பிரெஞ்சு மொழியியலாளர் ஜில் ஃபோகோனியே ஏணிப்படி வரிசையாக வைத்து விளக்கினார். நீல யானையோடு வைத்துப் படித்தால் அந்தக் கட்டுரை இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

‘எல்லா’ என்ற சொல்லே வராத பொதுப்பேச்சும் உண்டு. காக்கை கருப்பு. நாய் நன்றியுள்ளது. உரைகாரர்கள் இதைச் சாதியொருமை என்பார்கள்: ஒருமையில் நின்று சாதி முழுவதையும் குறிப்பது. வெள்ளைக் காக்கை ஒன்று பிடிபட்டுச் செய்தித்தாளில் படம் வந்தால், ‘காக்கை எல்லாம் கருப்பு’ என்பது அன்றே செத்தது. ‘காக்கை கருப்பு’ என்பதற்கு ஒன்றும் ஆகாது. ‘எல்லாம்’ என்று சொல்கிற வாக்கியத்தில் ஒளிந்திருக்கிற கூத்தொன்றைக் கார்ல் ஹெம்பெல் 1945இல் காட்டினார். காக்கை எல்லாம் கருப்பு என்பதும், கருப்பாக இல்லாதது எதுவும் காக்கை அல்ல என்பதும் தருக்கப்படி ஒன்றே. அப்படியானால் கொடியில் காயும் ஒவ்வொரு வெள்ளை வேட்டியும் காக்கையின் கருப்புக்குச் சாட்சி!

விலக்குகள் இருந்தும் சாயாத பொதுப்பேச்சுக்கும் கிளவியாக்கத்தில் இடம் இருக்கிறது. பல வகை கலந்து கிடக்கிற இடத்துக்கு ஒரு பெயர் வைக்கும்போது இரண்டு காரணம் பற்றி வைக்கலாம் என்கிறார் தொல்காப்பியர்: தலைமை, பன்மை. கமுகந்தோட்டத்தில் தென்னையும் வாழையும் நிற்கும். கமுகு சிறப்பு என்பதால் பெயர் அதற்கு. ஒடுவங்காட்டில் வேறு மரங்களும் உண்டு. ஒடுவு அதிகம் என்பதால் பெயர் அதற்கு. இன்றைக்குப் பொதுவாக்கியங்களை ஆராய்கிறவர்கள் முட்டிக்கொள்வது இதே இடத்தில்தான். கொசு டெங்கு பரப்பும் என்கிறோம். பரப்பும் கொசு மிகக் கொஞ்சம், ஆனாலும் வாக்கியம் மெய். கொசுக்களில் பெரும்பாலானவை டெங்கு பரப்புவதில்லை, ஆனாலும் ‘கொசு டெங்கு பரப்பாது’ என்று யாரும் சொல்வதில்லை. எண்ணிக்கை மட்டும் போதாது, எது கண்ணில் முனைந்து நிற்கிறதோ அதுவும் சேர்கிறது என்று சாரா ஜேன் லெஸ்லி போன்றவர்கள் இந்த நூற்றாண்டில் வாதிட்டார்கள். பன்மை, தலைமை.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று யாராவது நினைத்தால், சங்கரன்கோவிலுக்கு வடக்கே கரிவலம்வந்தநல்லூரில் நடந்ததைச் சொல்லவேண்டும். அங்கே பால்வண்ணநாதர் கோயில். தென்காசிப் பாண்டியர் குடியில் பிள்ளையில்லாமல் மறைந்த ஒருவருக்கு அந்தச் சுவாமியே கடன் கழித்ததாகவும், அதனால் அவருடைய சொத்தோடு ஏடுகளும் கோயிலுக்கு வந்து சேர்ந்ததாகவும் ஐதீகம். ஏடு தேடி அலைந்த காலத்தில் உ.வே. சாமிநாதையர் அதைக் கேள்விப்பட்டு அங்கே போனார். கோயில் காரியத்தைப் பார்த்தவர் சொன்ன பதிலை அவர் எழுதிவைத்திருக்கிறார். குப்பையும் கூளமுமாகச் சுவடிகள் நிறையக் கிடந்தனவாம். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிடவேண்டும் என்று ஆகமத்தில் சொல்லியிருக்கிறதாம். அதன்படியே குழி வெட்டி, அக்கினி வளர்த்து, ஆகுதி செய்துவிட்டார்களாம்.

ஐயர் பதறியதை விளக்க வேண்டியதில்லை. பதற்றத்துக்கு நடுவிலும் அவர் ஓர் இலக்கணக்காரராக நின்று அந்த விதியைப் பிரித்துக் காட்டுகிறார். பழுதுபட்ட ஏட்டைப் பார்த்து முதலில் வேறு பிரதி செய்துகொள்வார்கள். புதுப்பிரதி வந்தபின் பழையதை நெருப்பில் இடுவார்கள். அதுதான் பழைய வழக்கம். பிற்காலத்தார் பிரதி செய்வதை மறந்தார்கள், தீயில் இடுவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். விதி ‘பழைய ஏடுகள்’ என்றது எந்த ஏடுகளைப் பற்றி? படி எடுத்து முடித்த ஏடுகளைப் பற்றி. அதை விதி வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஏனென்றால் விதியைப் பேசியவருக்கும் கேட்டவருக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். வாக்கியம் மட்டும் மிஞ்சியது, எல்லையில்லாமல். அப்புறம் எந்த ஏடு என்று கேட்க ஆளில்லை.

சங்கர நமச்சிவாயர் உரைக்கு அந்தக் கதி நேரவில்லை. படி எடுக்கிறவர்கள் இருந்தார்கள். அதைவிட, பாடம் சொல்கிறவர்கள் இருந்தார்கள். திருவாவடுதுறை மடத்துச் சிவஞான முனிவர் அதை எடுத்து, பல இடங்களில் திருத்தியும் புதுக்கியும் வைத்துவிட்டு 1785இல் மறைந்தார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அந்தத் திருத்திய வடிவை விருத்தியுரை என்று 1851இல் அச்சேற்றினார். கரிவலத்தில் வெறுங்கையோடு திரும்பிய அதே சாமிநாதையர் 1925இல், முனிவர் கை படாத சங்கர நமச்சிவாயர் உரையைத் தனியே பதிப்பித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க இன்றைக்கு முடிகிறது. முனிவர் எங்கெங்கே கைவைத்தார், அதில் எது தேவை, எது வம்பு என்பதை அடுத்த இதழில் பார்ப்போம். அதற்கு அவர் பிறந்த விக்கிரமசிங்கபுரம் வரை போகவேண்டியிருக்கிறது.

(தொடரும்)